டப்பா வியாதி

பெங்களூருல எஞ்சின் பில்டு பண்ற நம்ம மக்கள்கிட்ட ஒரு வியாதி பரவியிருக்கு. பேரு டப்பா வியாதி. அமெரிக்காவுல இருந்து ஒரு ஃபோர்ஜ்டு பிஸ்டன் செட் கூரியர்ல வந்து இறங்கும். சீர்வரிசைத் தட்டைப் பிரிக்கிற மாதிரி டப்பாவைப் பிரிச்சு போட்டோ எடுப்பாங்க. உள்ள இருக்குற ஸ்டிக்கர் டூல் பாக்ஸுக்குப் போயிடும். அடுத்த வாரம் இன்னொரு டப்பா, மல்ட்டி லேயர் ஸ்டீல் ஹெட் கேஸ்கட். அவ்ளோதான், எஞ்சின் ரெடியாம். மிச்சம் என்ன இருக்குன்னு கேட்டா, "சும்மா லேத்து வேலைதான் பாஸு"ன்னு பதில் வரும்.

அந்த "சும்மா லேத்து வேலை"தான் எஞ்சினைப் பிழைக்க வைக்குது, இல்ல கொல்லுது. நான் சொல்ல வர்றது இந்த ஒண்ணுதான். பிஸ்டனும் கேஸ்கட்டும் பேரு பாத்து வாங்குற சாமான் இல்லை, கணக்குப் பாத்து வாங்குற சாமான். வாங்குன பிறகு அதை அளந்து மாட்டுற ஆளுக்கு, டப்பாவுக்குக் குடுக்குற மரியாதையில பாதியாவது குடுங்க. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கங்க.

என்னைப் பத்தி ஒரு வரி. படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு பொட்டி தட்டுறது. இந்த ஊர்ல இருக்குற பாதித் தமிழ்ப் பசங்க கதைதான் :-) சனிக்கிழமையானா ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் சுத்துறது பழக்கம். அதனாலதான் இந்தக் கோபம் வந்துச்சு. ஏன்னு சொல்றேன்.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர், பழைய எஸ்டீம் ஒண்ணை ட்ராக்குல ஓட்டணும்னு எஞ்சினை இறக்கினார். எஸ்டீம், ஜிப்ஸி, 2005-ல வந்த முதல் ஸ்விஃப்ட் எல்லாத்துலயும் வந்த அதே 1.3 லிட்டர் 16 வால்வு மாருதி எஞ்சின். ராலி ஓட்டுறவங்களுக்கும் ரேஸ் ஓட்டுறவங்களுக்கும் ரொம்ப வருஷமா செல்லப்பிள்ளை. நண்பர் வெளிநாட்டு ஃபோர்ஜ்டு பிஸ்டன் வரவழைச்சார். பிஸ்டனை மட்டும் எடுத்துட்டு கலாசிபாளையம் பக்கத்துச் சந்துல இருக்குற ஒரு லேத்து பட்டறைக்குப் போனார். அங்க இருக்குற பெரியவர் ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர், நாப்பது வருஷமா போரிங் போடுறவர்.

"தம்பி, இதுக்கு ஒரு காயிதம் வந்திருக்கும், குடு"ன்னு பெரியவர் ரெண்டு தடவை கேட்டிருக்கார். நண்பர், "அதெல்லாம் வேணாம்ணே, கம்பெனி கிளியரன்ஸே போடுங்க, டைட்டா இருக்கட்டும், புகை வரக்கூடாது"ன்னுட்டார். பெரியவர் கம்பெனி அளவு வச்சு 0.03 மி.மீ. விட்டுப் போட்டுக் குடுத்தார். எஞ்சின் ஏறுச்சு, ஓடுச்சு. 200 கிலோமீட்டர் கூட ஆகலை, ஹொஸ்கோட்டே தாண்டினதும் பழைய மெட்ராஸ் ரோட்டுல நாலு பிஸ்டனும் கவ்விக்கிச்சு. பின்னாடி லாரி. க்ளட்சை மிதிச்சு ஓரங்கட்டினதால ஆள் தப்பிச்சார். (அந்த எஞ்சினோட ரோட்டுக்கு வந்ததே தப்பு. அதைக் கடைசியில சொல்றேன்.)

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். "லோக்கல் லேத்துக்காரன் கெடுத்துட்டான்"னு ஊரெல்லாம் சொல்லிட்டார். பெரியவர் போரிங் காசைத் திருப்பிக் குடுத்துட்டார். வர்றதா இருந்த வேற ரெண்டு பேரும் வரலை. நான் நண்பர் வீட்டுக்குப் போனப்ப டப்பா ஷோகேஸ்ல இருந்துச்சு. உள்ள அந்தக் காயிதம் மடிப்பு கூடக் கலையாம இருந்துச்சு. நாலாவது வரியில போட்டிருக்கு, பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல 0.08 மி.மீ. விடணும்னு. 0.03 எங்க, 0.08 எங்க? யார் கெடுத்தது, நீங்களே சொல்லுங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். ஏன் ஒரு பிஸ்டனுக்கு 0.03 போதும், இன்னொண்ணுக்கு 0.08 வேணும்?

பிஸ்டன் அலுமினியம். சுத்த அலுமினியம் மெத்துன்னு இருக்கும், சூட்டுல நல்லா விரியும். அதுல சிலிக்கான் கலந்தா விரியறது குறையும், தேய்மானமும் குறையும். ஆனா அடி விழுந்தா உடையும். கம்பெனியில இருந்து வர்ற காஸ்ட் பிஸ்டன்ல, அதாவது உருக்கி வார்க்குற பிஸ்டன்ல, சிலிக்கான் சுமார் 12 சதவீதம் இருக்கும், சிலதுல 16-க்கு மேலயும் போகும். அதனாலதான் இறுக்கமான கிளியரன்ஸ்ல போட முடியுது, காலையில ஸ்டார்ட் பண்ணா சத்தமே வராது.

ஃபோர்ஜ்டு, அதாவது சம்மட்டியால அடிச்சு அழுத்திச் செய்யிற பிஸ்டன்ல ரெண்டு முக்கியமான அலாய் உண்டு. 4032-ல சிலிக்கான் சுமார் 12 சதவீதம். 2618-ல கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. கான்கார்டு விமானத்தோட உடம்பைச் செஞ்ச அலாயும் இந்த 2618 குடும்பம்தான். சூடு தாங்கும், அடி தாங்கும், உடையறதுக்கு முன்னாடி நசுங்கும். ஆனா விரியும். ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 4032 சுமார் 19 மைக்ரான் விரிஞ்சா, 2618 சுமார் 22 மைக்ரான் விரியும். கேக்க சின்ன வித்தியாசமா இருக்கும். ஆனா பிஸ்டனைச் சுத்தி இருக்குற இடைவெளியே தலைமுடி அளவுதானே. 74 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடேறினா 4032 சுமார் 0.14 மி.மீ. பெருக்கும், 2618 சுமார் 0.165. சுத்தி இருக்குற இரும்பு லைனர் 0.08 கூடப் பெருக்காது. இதுல 0.03 மட்டும் விட்டா என்ன ஆகும்? கவ்வும். விதி ஒண்ணும் காரணமில்லை, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

அதனால 2618 போட்டா தாராளமா விட்டுத்தான் ஆகணும். தாராளமா விட்டா குளிர்ல பிஸ்டன் ஆடும், கடகடன்னு சத்தம் வரும், சூடேறுற வரைக்கும் எண்ணெய் தாண்டும். ரிங் உக்காருற பள்ளமும் சீக்கிரம் தேயும். ரேஸ் எஞ்சினுக்கு இது பிரச்சினையே இல்லை, சீசன் முடிஞ்சா பிரிச்சுடுவாங்க. தினமும் சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிற வண்டிக்கு இது எதுக்கு? நாற்று நடப் போறவனுக்கு நாடகக் கிரீடம் மாதிரி.

"அப்ப ஃபோர்ஜ்டு வேண்டாங்கறியா?"ன்னு கேப்பீங்க. அப்படி இல்லை. டர்போ போடுறீங்களா, எட்டாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல மணிக்கணக்கா சுத்தப் போறீங்களா, ஃபோர்ஜ்டு போடுங்க. டர்போன்னா 2618. மூச்சை இயற்கையா இழுக்குற எஞ்சின், கொஞ்சம் கேம், கொஞ்சம் கம்ப்ரஷன்னா 4032 போதும். வெறும் எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாத்தி வாரக்கடைசி ஓட்டம்னா, கம்பெனி காஸ்ட் பிஸ்டனை அளந்து மாட்டினாலே பேரன் காலம் வரைக்கும் ஓடும்.

காஸ்ட் பிஸ்டன்னா மட்டம்ங்கற நினைப்பும் இந்த வியாதியோட ஒரு அறிகுறிதான். இந்த ஊர் எல்லையிலயே, யெலஹங்காவுல, கோயட்சே கம்பெனி ஆலை இருக்கு. சென்னை செம்பியத்துல இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல இருந்து இருக்கு. நாட்டுல ஓடுற லாரி, டிராக்டர், காரு, பைக்கு எல்லாம் இந்த மாதிரி ஆலைகள்ல செஞ்ச பிஸ்டனை வச்சுத்தான் லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓடுது. லோக்கல்ங்கறது திட்டுற வார்த்தை இல்லைங்க.

இன்னொரு விஷயம். பிஸ்டன் உருண்டை கிடையாது. கொஞ்சம் முட்டை வடிவம், மேல ஒடுங்கி கீழ அகலும். எந்த உயரத்துல, பின்னுக்குக் குறுக்கா எந்தப் பக்கத்துல மைக்ரோமீட்டர் வைக்கணும்னு அந்தக் காயிதத்துலதான் எழுதியிருப்பாங்க. 10 மி.மீ. தள்ளி வச்சு அளந்தா வர்ற எண்ணே வேற. பெரியவர் ஏன் ரெண்டு தடவை கேட்டார்னு இப்பப் புரியுதா?

இப்ப ஹெட் கேஸ்கட்டுக்கு வருவோம். இதுல இன்னும் பெரிய கூத்து.

கேஸ்கட்டோட தடிமன்ங்கறது கம்ப்ரஷன் கணக்குல ஒரு உறுப்பு. பல பேருக்கு இது தெரியறதே இல்லை. அதே மாருதி எஞ்சினை எடுத்துக்கங்க. போர் 74, ஸ்ட்ரோக் 75.5. ஒரு சிலிண்டர் சுமார் 325 சி.சி. கம்ப்ரஷன் 9.5-ன்னு வச்சுக்கிட்டா, பிஸ்டன் உச்சிக்கு வந்தப்ப மேல மிச்சம் இருக்குற இடம் சுமார் 38 சி.சி. கேஸ்கட்டை அரை மி.மீ. மெலிசாக்கினா அதுல ரெண்டு சி.சி. போயிடும். கம்ப்ரஷன் 10 ஆயிடும். வெறும் அரை மி.மீ!

இப்ப நம்ம பட்டறைகள்ல நடக்குறதைப் பாருங்க. முதலாளி மெலிசு கேஸ்கட் வாங்குறார்: 10. ஹெட் ஃபேசிங் போடுறவர், "கொஞ்சம் கோணலா இருந்துச்சு, ரெண்டு தடவை ஓட்டினேன்"னு இன்னொரு ரெண்டு சி.சி.யைச் சீவிடுறார்: 10.5. வந்த பிஸ்டன்ல தலை கொஞ்சம் மேடு, மூணு சி.சி. இடத்தை அது எடுத்துக்குது: 11.5. மூணு பேரும் தனித்தனியா சின்னதா ஒண்ணு செஞ்சாங்க. மூணையும் ஒரு தாள்ல எழுதிக் கூட்டுன ஆளு யாருமே இல்லை. ஒரு சிரிஞ்சும், ஒரு கண்ணாடித் துண்டும், கொஞ்சம் கிரீஸும் இருந்தா ஹெட்டுக்குள்ள எத்தனை சி.சி. பிடிக்கும்னு அரை மணி நேரத்துல அளந்துடலாம். முப்பதாயிரத்துக்கு பிஸ்டன் வாங்குறவங்க இருபது ரூபாய் சிரிஞ்சு வாங்க மாட்டேங்கறாங்க.

தடிமன்ல இன்னொரு சூட்சுமமும் இருக்கு. பிஸ்டனோட ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற ஒடுங்கின சந்துக்கு ஸ்க்விஷ்னு பேரு. பிஸ்டன் மேல வரும்போது அந்தச் சந்துல இருக்குற கலவை பிதுங்கி நடுவுல இருக்குற ப்ளக் பக்கம் பாயும், வேகமா எரியும். பெரும்பாலும் சுமார் 1 மி.மீ. இருந்தா நல்லா வேலை செய்யும். டர்போ போடுறவங்க கம்ப்ரஷனைக் குறைக்கிறேன்னு ரெண்டு கேஸ்கட்டை அடுக்கிப் போடுறதைப் பாத்திருக்கேன். சந்து ரெண்டு மி.மீ. ஆயிடும். கம்ப்ரஷன் குறைஞ்சும் எஞ்சின் தட்டும். ஏன் தட்டுதுன்னு தலையைச் சொறிவாங்க. கம்ப்ரஷனைக் குறைக்கணும்னா பள்ளம் வச்ச பிஸ்டன் வாங்குங்க. சந்தைத் தொடாதீங்க. சந்தை அளக்க ஈயக் கம்பித் துண்டு போதும். பிஸ்டன் மேல வச்சு, ஹெட்டை மாட்டி, கையால ஒரு சுத்து சுத்தி, நசுங்கினதை அளந்தா ஆச்சு.

அப்புறம் அந்த மல்ட்டி லேயர் ஸ்டீல் கேஸ்கட். நல்ல சாமான்தான், இல்லைங்கலை. மெலிசு மெலிசா எஃகுத் தகடு, நடுவுல மேடு வச்சு அமுக்கியிருப்பாங்க. அது ஸ்பிரிங் மாதிரி மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே இருக்கும், ஹெட் ஒரு மயிரிழை தூக்கினாலும் விடாது. ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஹெட்டும் பிளாக்கும் கண்ணாடி மாதிரி இருக்கணும், சொரசொரப்பு சுமார் ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கலாம். பழைய கிராஃபைட் கேஸ்கட் மெத்துன்னு இருக்கும், சின்னச் சின்னக் கீறல்ல தானே போய் நிரம்பிக்கும். எஃகு நிரம்பாது. கீறல் வழியா கூலன்ட் கசியும், இல்ல கேஸ் கூலன்ட்டுக்குள்ள போகும்.

நம்ம ஊர்ல ஃபேசிங்ங்கற பேர்ல நடக்குறது என்ன? கிரைண்டர்ல எமரி டிஸ்க்கை மாட்டி ஹெட்டைத் தேய்க்கிறது. பாக்க வெள்ளி மாதிரி பளபளக்கும். ஸ்டிரெய்ட் எட்ஜை வச்சுப் பாத்தா மேடும் பள்ளமுமா அலை அடிக்கும். எமரித் தூள் வேற எண்ணெய் வழியில போய் பேரிங்கைத் தின்னும். பல மேனுவல்ல ஹெட் கோணலுக்கு 0.05 மி.மீ. தான் எல்லைன்னு போட்டிருக்கும். அந்த ஃபீலர் கேஜ் எத்தனை பட்டறையில இருக்கு? கடைசியில பயந்துக்கிட்டு எஃகு கேஸ்கட் மேல அனபாண்டை தோசைக்கு வெண்ணெய் தடவுற மாதிரி தடவுறாங்க. இதைப் பாத்தா அழுகையா வருது.

அந்த மாதிரிப் பரப்புக்கு, சாதாரணக் கம்ப்ரஷனுக்கு, ஜே.சி. ரோட்டுல கிடைக்கிற டால்ப்ராஸ் மாதிரி நம்ம ஊர் கேஸ்கட்டே நல்லா உக்காரும். எஃகுதான் வேணும்னா முதல்ல பரப்பைச் சரி பண்ணுங்க. பரப்புக்குக் குடுக்காத காசைக் கேஸ்கட்டுக்குக் குடுக்குறது, ஒழுகுற ஓட்டு வீட்டுக்குப் பட்டுக் கூரை போடுறதுதான்.

இதைவிட முக்கியமான ஒண்ணு. கேஸ்கட் போச்சுன்னா "கேஸ்கட் வீக்கு, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு"ங்கறது முதல் வசனம். ஐயா, கேஸ்கட் வீட்டு ஃபியூஸ் மாதிரி. ஃபியூஸ் அடிக்கடி போனா, கம்பியைத் தடிமனாப் போடுறவன் புத்திசாலியா? எங்க ஷார்ட் ஆகுதுன்னு பாக்குறவன் புத்திசாலியா? எஞ்சின் தட்டும்போது, அதாவது ப்ளக்கோட நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே மூலையில இருக்குற கலவை தானா வெடிக்கும்போது, பிரஷர் திடீர்னு எகிறும். அந்த அடியிலதான் கேஸ்கட் போகும். நீங்க கேஸ்கட்டை இரும்பாக்கிட்டா அடி எங்க போகும்? பிஸ்டனுக்குப் போகும். ரிங்குக்கு நடுவுல இருக்குற மெல்லிசு வரப்பு உடையும், இல்ல தலையில ஓட்டை விழும். இப்படித்தான் ஒரு கேஸ்கட் செலவு முழு எஞ்சின் செலவா ஆகுது.

பெங்களூருக்குன்னே ஒரு தனிக் கண்ணி வேற இருக்கு. இதை யாருமே கணக்குல எடுக்குறதில்லை.

இந்த ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்க காத்தழுத்தம் சென்னையை விட சுமார் 10 சதவீதம் கம்மி. அதாவது ஒவ்வொரு மூச்சுலயும் எஞ்சின் இழுக்குற காத்தே கம்மி. காலையில குளிர்ச்சி வேற. அதனால 11.5 கம்ப்ரஷன் வச்சு, இக்னிஷனையும் முன்னாடி தள்ளி, நந்தி மலை ரோட்டுல விரட்டினா கூட எஞ்சின் ஒண்ணும் சொல்லாது. "பாத்தியா, தட்டவே இல்லை!"ன்னு மார் தட்டுவாங்க. அந்த வண்டியை டிரெய்லர்ல ஏத்தி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டு போங்க. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ட்ராக், 1990-ல இருந்து இருக்கு. கடல் மட்டத்துக்குப் பக்கம். மத்தியானம் 38 டிகிரி வெயில். ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் பத்து சதவீதம் அதிகம், காத்தும் சூடு, ட்ராக்குல ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிபட்டே இருக்கும். நாலாவது ரவுண்டுல தட்ட ஆரம்பிக்கும். ஹெல்மெட்டுக்குள்ள காதுல விழாது. ஏழாவது ரவுண்டுல வெள்ளைப் புகை.

உடனே "பெங்களூர்ல நல்லா ஓடுச்சே, அந்த கேஸ்கட் டூப்ளிகேட்டா இருக்கும்"னு கிளம்பிடுவாங்க. எஞ்சின் எங்க ஓடப் போகுதோ அந்த ஊர் காத்துக்குத்தான் பிஸ்டன் தேர்ந்தெடுக்கணும். கூடாரம் போடுற ஊர்ல மழை பெய்யுமான்னு பாக்காம, வாங்குற கடையில வெயில் அடிக்குதான்னு பாத்தா எப்படி?

பெட்ரோல் கதையும் மாறிடுச்சு. இப்ப பங்க்ல வர்றது இ-20, இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், தட்டுறதைத் தடுக்கும், அது நல்லதுதான். ஆனா எத்தனால் தனக்குள்ளயே ஆக்ஸிஜன் வச்சிருக்கு, அதனால அதே காத்துக்கு அதிக எரிபொருள் கேக்கும். ஒரு கிலோ சுத்த பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்துன்னா, இ-20-க்கு சுமார் 13.5 கிலோதான். கார்புரேட்டர் ஜெட்டைப் பத்து வருஷத்துக்கு முன்னாடி வச்ச அளவுலயே விட்டா கலவை வறண்டு போகும், பிஸ்டன் தலை சூடேறும். இன்ஜெக்ஷன் வண்டியில சென்சார் சரி பண்ணிடும்னு நினைப்பீங்க. முழு ஆக்ஸிலரேட்டர்ல பல வண்டியில சென்சார் சொல்றதை ஈ.சி.யு. கேக்காது, மேப்ல எழுதி வச்சதைத்தான் ஊத்தும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பர்ல 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டு வந்துச்சு. அதை ஊத்தினா எல்லாம் தாங்கும்னு ஒரு நம்பிக்கை வேற. ஆக்டேன் தட்டுறதைத் தடுக்கும். தப்பான கிளியரன்ஸையோ கோணல் ஹெட்டையோ அது ஒண்ணும் பண்ணாது.

இவ்வளவுக்கும் இந்த ஊருக்கு அளக்கத் தெரியாதுன்னு யாராவது சொல்ல முடியுமா? 1951-ல ஆடுகோடியில மைக்கோ வந்துச்சு. ஸ்பார்க் ப்ளக், டீசல் பம்ப்புன்னு நுணுக்கமான சாமான் செஞ்ச ஆலை. 1953-ல எச்.எம்.டி. வந்துச்சு. நாடு முழுக்க லேத்து ஓடுனது அந்த முத்திரையோட. 1962-ல மெஷின் டூல் ஆராய்ச்சிக்குன்னே சி.எம்.டி.ஐ.யை துமகூரு ரோட்டுல வச்சாங்க. பீன்யாவுல இன்னிக்கும் சந்துக்குச் சந்து மைக்ரான் கணக்குல வேலை நடக்குது. அந்த ஆலைகள்லயும் அதைச் சுத்தின பட்டறைகள்லயும் தொழில் கத்துக்கிட்டவங்கதான் கலாசிபாளையத்துலயும் சிவாஜி நகர்லயும் போரிங் மெஷின் பக்கத்துல நிக்கிறாங்க. அவங்கள்ல நம்ம தமிழ் ஆளுங்க எத்தனை பேருன்னு போய்ப் பாருங்க. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை. நாமதான் அளக்குறதுக்கு நேரமும் குடுக்க மாட்டோம், காசும் குடுக்க மாட்டோம், காயிதமும் குடுக்க மாட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வேணும்னு மட்டும் கத்துவோம்.

நண்பரோட பில்லையே எடுத்துக்கங்க. பிஸ்டன் செட்டும் கஸ்டம்ஸும் சேந்து நாப்பதாயிரத்தைத் தொட்டுச்சு. நாலு சிலிண்டரும் போரிங், ஹோனிங் போட்டதுக்கு மூவாயிரத்தைந்நூறு. அதுலயும் ஐந்நூறு பேரம் பேசிக் குறைச்சிருக்கார்! டார்க் பிளேட் மாட்டித்தான் போரிங் போடணும், ஹெட் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் கோணும்னு பெரியவர் சொன்னதுக்கு, "அதெல்லாம் ஃபாரின்ல"ன்னு பதில். பிஸ்டன் மட்டும் ஃபாரின்ல இருந்து வரலாமாம்.

திட்டிட்டு மட்டும் போகக் கூடாதில்ல. அடுத்த தடவை எஞ்சினைப் பிரிக்கும்போது இதைச் செய்யுங்க:

1. எங்க ஓட்டப் போறீங்க, என்ன பெட்ரோல், டர்போ உண்டா இல்லையா, உச்ச ஆர்.பி.எம். என்னன்னு முதல்ல ஒரு தாள்ல எழுதுங்க. பிஸ்டனை அதுக்கு அப்புறம் தேடுங்க.

2. பிளாக்கை அளந்த பிறகு பிஸ்டன் ஆர்டர் பண்ணுங்க. எத்தனை ஓவர்சைஸ் தேவைன்னு போர் கேஜ் சொல்லட்டும்.

3. பிஸ்டனோட வந்த காயிதத்தை லேத்துக்காரர் கையில குடுங்க. இங்கிலீஷ்ல இருந்தா உக்காந்து படிச்சுச் சொல்லுங்க. கிளியரன்ஸ், அளக்குற இடம், ரிங் கேப், இந்த மூணும் கட்டாயம்.

4. ஹெட்டோட கொள்ளளவு, பிஸ்டன் மேடு பள்ளம், கேஸ்கட் தடிமன், எல்லாத்தையும் கூட்டிக் கம்ப்ரஷனை நீங்களே போடுங்க. அப்புறம் எந்த கேஸ்கட்னு முடிவு பண்ணுங்க.

5. ஃபேசிங் மெஷின்லதான், கிரைண்டர்ல இல்லைன்னு முதல்லயே பேசிடுங்க. ஹெட் போல்ட்டை டார்க் ரென்ச் வச்சு, மேனுவல்ல சொன்ன வரிசையில, சொன்ன படிப்படியா இறுக்குங்க. கை அளவு தெரியும்ங்கற வசனம் வேணாம்.

6. மாட்டுறதுக்கு முன்னாடி எடுத்த ஒவ்வொரு அளவையும் எழுதி வாங்குங்க, கீழ லேத்துக்காரர் பேரும் இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் மேல தப்புன்னு அந்தத் தாளே சொல்லும். அவருக்கும் அது பாதுகாப்பு.

7. அளக்குறதுக்குத் தனியாக் காசு குடுங்க. கேக்கலைன்னாலும் குடுங்க.

கடைசியா சொன்னதுதான் முதல்ல செய்ய வேண்டியது. அளந்தா காசு வராது, அவசரமாப் போட்டாத்தான் வரும்னு ஆயிட்டா, அளக்கத் தெரிஞ்ச கை ஒவ்வொண்ணா வேற வேலைக்குப் போயிடும். பிஸ்டன் எந்த நாட்டுல இருந்து வேணாலும் மூணு வாரத்துல வந்துடும். நாப்பது வருஷக் கை எந்தக் கூரியர்லயும் வராது.

டிஸ்கி 1: இதெல்லாம் ட்ராக்குல ஓட்டுற வண்டிக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்குற விவரம் கம்பெனி சொன்னதுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில இதையே சொல்லியாச்சு. அதே வருஷத் திருத்தத்துல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். ரோட்டுல பின்னாடி வர்ற லாரிக்கு உங்க பிஸ்டன் என்ன பிராண்டுன்னு தெரியாது.

டிஸ்கி 2: மேல சொன்ன கிளியரன்ஸ் எண்ணெல்லாம் புரியறதுக்காக. உங்க டப்பாவுல இருக்குற காயிதம் என்ன சொல்லுதோ அதுதான் வேதம். தயவு செஞ்சு அதைப் பிரிச்சுப் படிங்க மக்கா.